அவர்கிட்டச் சொல்லு

அவளுக்கு அந்தத் தெருவில் 'எக்ஸ்சேஞ்சு' என்று பேர். வைத்தவர் எதிர்த்த டீக்கடைக்காரர். சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பேர்தான். ஒரு பக்கம் கட்டின புருஷன், இன்னொரு பக்கம் கூடப்பிறந்த அண்ணன், நடுவில் இவள். இரண்டு பேரும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே, ஒரே வண்டியை நம்பி, கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் வேலை செய்கிறவர்கள். பேச்சு மட்டும் இவள் வழியாகத்தான் போகும், இவள் வழியாகத்தான் வரும்.

"உங்க அண்ணன்கிட்டச் சொல்லு, ஸ்பானரை எடுத்தா எடுத்த இடத்துல வைக்கணும்னு."

"உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு, ஸ்பானர் அவர் காலடியிலதான் கிடக்குதுன்னு."

காதில் விழாதா என்று கேட்பீர்கள். நன்றாகவே விழும். ஆனாலும் இவள் ஒரு தடவை திருப்பிச் சொன்ன பிறகுதான் குனிந்து ஸ்பானரை எடுப்பார் அந்த மனுஷன். வீம்பு என்று வந்துவிட்டால் காது எதற்கு, கண் எதற்கு!

வண்டி என்றால் காரோ லாரியோ இல்லை. பள்ளம் தோண்டுகிற வண்டி. முன்னால் மண் அள்ளும் தொட்டி, பின்னால் தேள் கொடுக்கு மாதிரி மடங்கிய நீளக் கை, அதன் நுனியில் பல் வைத்த பக்கெட். அண்ணன் ஓட்டுவார். புருஷன் ரிப்பேர் பார்ப்பார். மற்ற எல்லாம் இவள். யார் வீட்டுக்கு அஸ்திவாரம், எந்தத் தெருவில் குழாய் பதிக்கிறார்கள், எந்த வேலைக்கு முதலில் போவது, டீசல் எப்போது வாங்குவது, எல்லாம் இவள் போனில் நடக்கும். ஒரு போல்ட்டைக் காட்டினால் எந்தக் கடையில் எந்த அலமாரியில் இருக்கிறதென்று கடைக்காரனுக்கு முன்னால் இவள் சொல்லிவிடுவாள். மொபெட்டில் இவள் வருவதைப் பார்த்தாலே உதிரி பாகக் கடைப் பையன்கள் எழுந்து நிற்பார்கள். மரியாதை பாதி, பயம் பாதி.

இந்த ஆண்கள் இரண்டு பேரும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்கள். ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் ஒன்றாக வேலை பார்த்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு வளர்ந்த சிநேகம். "இவன் கை வச்சா செத்த வண்டியும் எழுந்திரிக்கும்" என்று சொல்லி, அண்ணன்தான் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். தங்கச்சியைக் கொடுத்ததும் அவர்தான். அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து இந்தப் பழைய வண்டியை வாங்கினார்கள். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து விடிய விடியப் பேசினதை இவள் ஜன்னலில் நின்று பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

அந்தச் சிநேகம் ஒரு சுவரில் மோதி உடைந்தது. நிஜமாகவே சுவர்தான். ஒருநாள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பக்கெட் பட்டு ஷெட்டின் பக்கச் சுவர் சரிந்தது. வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் நிற்கிறார்கள். புருஷன் வாயை அடக்கியிருக்கலாம். "கண்ணை வீட்டுல வச்சுட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டார். அண்ணனாவது விட்டிருக்கலாம். "வண்டியை ஒழுங்கா ரிப்பேர் பண்ணத் தெரியல, வாய் மட்டும் ரிப்பேரே இல்லாம ஓடுது" என்று அவரும் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். சுவரை மறுவாரமே கட்டியாயிற்று. பேச்சு கட்டப்படவில்லை.

அன்றிலிருந்து இவள் எக்ஸ்சேஞ்சு ஆனாள். ஆனால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் இவளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அது வாங்கினதை அப்படியே கொடுக்கும். இவள் அப்படிக் கொடுக்க மாட்டாள்.

பக்கத்தில் இருக்கும்போது இரண்டு பேரும் அளந்துதான் பேசுவார்கள். அண்ணன் எங்கேயோ வேலைக்குப் போயிருக்கும்போதுதான் புருஷனுக்கு வாய் நீளும். ஷெட்டில் புருஷன் இல்லாதபோதுதான் அண்ணனுக்கு வாய் நீளும். "அந்த மடையன்கிட்டச் சொல்லு, கிளட்சை மிதிச்சே கொல்றான்னு" என்று புருஷன் சொன்னால், அண்ணன் காதுக்குப் போகும்போது அது "கிளட்சைக் கொஞ்சம் பார்த்துக்கச் சொன்னார்ணே" என்று ஆகியிருக்கும். "உன் புருஷன் பூட்டின போல்ட்டு அவன் மாதிரியே ஆடுது" என்று அண்ணன் சொன்னால், "ஒரு போல்ட்டு லூசா இருக்காம்ங்க" என்று வந்து சேரும். முள்ளை ஆய்ந்துவிட்டு இலையைக் கொடுக்கிற வேலை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இந்தக் குடும்பம் நான் இல்லாவிட்டால் என்றைக்கோ இரண்டுபட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்ததில் தப்பில்லை. ஆனால் ஆய்கிற கைக்கு எது முள், எது இலை என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டுமே!

அன்றைக்குக் காலையில் வண்டி ஷெட்டில் நொண்டிக்கொண்டு நின்றது. முந்தின நாள் வாய்க்கால் வேலையில், பக்கெட்டை மடக்கி நீட்டுகிற சிலிண்டரின் சீல், அந்த ரப்பர் வளையம், பிய்ந்து ஆயில் பீச்சியடித்து, பக்கெட் கை ஒடிந்த மாதிரி தொங்கிவிட்டது. சீல் மாற்றுவது பெரிய வேலையே இல்லை. ஆனால் சிலிண்டரைக் கழற்றினால்தான் சீலை மாற்றலாம். சிலிண்டரையும் பக்கெட்டையும் கோத்திருக்கிற பின்னை உருவினால்தான் சிலிண்டர் கழலும். மணிக்கட்டு மொத்தத்துக்கு இரும்புப் பின். அது அசைந்தால்தானே!

இதற்கு நடுவில், அன்று விடிந்ததும் விடியாததுமாக அண்ணன் இவளைத் தனியாக வாசல் பக்கம் கூப்பிட்டார்.

"தங்கச்சி, போதும்மா. எனக்கு அலுத்துப் போச்சு. தூரத்துல ஒரு குவாரியில ஆள் கேக்கறாங்க, தங்க ரூமும் குடுக்கறாங்க. பழைய வண்டி வாங்குற தரகர் சாயங்காலம் வர்றார். அதுக்குள்ள வண்டி எழுந்துச்சுன்னா பார்ப்போம். இல்லைன்னா அவர்கிட்டயே தள்ளிவிட்டுடலாம். உன் வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டுச் சொல்லு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பல்லைக் கடிச்சுக்கிட்டு எத்தனை நாள் இருக்கறது?"

வண்டி போனால் இந்த ஷெட்டுக்கு அண்ணன் வரக் காரணமே இல்லை. வண்டி போனால் அண்ணன் போனார். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருக்கிற ஒரே பிறந்த வீடு அந்த மனுஷன்தான்.

உள்ளே போய்ப் புருஷனிடம் என்ன சொன்னாள் தெரியுமா?

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சாத் தேவலையாம்ங்க."

அவ்வளவுதான். தரகர் இல்லை, குவாரி இல்லை. முள்ளெல்லாம் ஆய்ந்தாயிற்று. சொன்னால் புருஷன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும், "போறவன் போகட்டும்" என்பார், அதோடு கதை முடிந்துவிடும் என்று பயம். பின்னைக் கழற்றிவிட்டால் பேச்சே வராமல் முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு.

ஆனால் பின் இவள் கணக்குக்கு வருகிற பின்னா?

புருஷன் சிலிண்டரின் ஹோஸ்களைக் கழற்றி, குழாய் வாய்களில் மூடி போட்டார். பின் சுழலாமல் பிடித்திருந்த பூட்டு போல்ட்டைக் கழற்றினார். அது நல்ல பிள்ளையாக வந்துவிட்டது. பக்கெட்டுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்தார். பிறகு பின்னின் தலைக்கு எதிர்முனையில் இரும்புக் கடப்பாரைத் துண்டை வைத்து, சம்மட்டியால் ஒரு போடு போட்டார். டங் என்று மணி அடித்த மாதிரி கேட்டது. இன்னொரு போடு. டங். தெருமுனை வரை கேட்டது, பின் மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

துருவை இளக்குகிற ஆயிலை ஊற்றி ஊறவைத்தார். கேஸ் நெருப்பால் பின்னைச் சுற்றியிருக்கிற இரும்பைச் சுட்டார். பெயிண்ட் பொரிந்து புகைந்தது, ஷெட் பூராவும் நாற்றம். சூட்டோடு சூடாக மறுபடி சம்மட்டி. டங், டங், டங். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வேர்வை வரும்.

"என்ன, பின்னு பின்னால போகலையா?" என்று டீக்கடைக்காரர் கேட்டுவிட்டு, தன் சிலேடையைத் தானே ரசித்துச் சிரித்தார். இவள் முறைத்த முறைப்பில் கடைக்குள் போய்விட்டார்.

புருஷன் சம்மட்டியைச் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினார். "பக்கெட்டோட பாரம் பூரா பின்னு மேல உக்காந்திருக்கு. அடிச்சுப் பிரயோஜனமில்ல. வண்டியை ஓட்டி, கையைத் துளியூண்டு தூக்கணும். பாரம் விடுற இடத்துல நிறுத்தணும். மயிரிழைதான். ஜாஸ்தி தூக்கினா அந்தப் பக்கம் இறுகிக்கும்." கொஞ்சம் தயங்கினார். "உங்க அண்ணனைக் கூப்பிடு."

அண்ணன் டீக்கடையில்தான் இருந்தார். வந்தார். பேசாமல் ஏறி, சீட்டைப் பின்பக்கம் திருப்பிப்போட்டு, இன்ஜினைக் கிளப்பினார். புருஷன் பின்னின் பக்கத்தில் குந்தியிருக்கிறார். அந்தப் பெரிய இரும்புக் கை நடுவில் மறைப்பதால் அண்ணனுக்கு அவர் தெரியமாட்டார். இரண்டு பேரும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நின்றாள் எக்ஸ்சேஞ்சு.

"தூக்கச் சொல்லு."

"தூக்குங்கண்ணே!"

இரும்புக் கை முனகிக்கொண்டு எழுந்தது.

"போதும்னு சொல்லு!"

"போதும்ணே!"

நின்றது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது.

"தாண்டிருச்சு. இறக்கச் சொல்லு. எருமை உக்கார்ற மாதிரி தொப்புனு இறக்காம, பூ மாதிரி இறக்கச் சொல்லு."

இவள் வாயைத் திறந்தாள். எருமையை எடுத்துவிட்டுப் பூவை மட்டும் கொடுக்க வேண்டும். அதை யோசிக்க ஒரு இமைப்பொழுது ஆகும் இல்லையா? "பூ மாதிரி இறக்குங்கண்ணே!" என்று இவள் சொல்லி, அவர் இறக்கி, புருஷன் "நிறுத்து" என்று கத்தி, அதை இவள் "கொஞ்சம் நிறுத்திக்குங்கண்ணே" என்று மரியாதையாக மாற்றிச் சொல்வதற்குள் கை கீழே போய்க் கட்டையில் உட்கார்ந்துவிட்டது.

இப்படியே மேலே, கீழே, மேலே, கீழே. ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை அந்தப் பக்கம், இல்லை ஒரு மயிரிழை இந்தப் பக்கம்.

"போதும்னா அந்த நிமிஷமே போதும்னு அர்த்தம்! டீ குடிச்சுட்டு வந்து போதும்னு அர்த்தமில்ல!" என்று புருஷன் கத்தினார்.

"எனக்குப் போதும் வந்து சேர்ந்ததும் நிறுத்திட்டேன்னு சொல்லு! வழியில எங்கயாவது நின்னுட்டு வந்துச்சோ என்னமோ!" என்று அண்ணன் மேலிருந்து கத்தினார்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்புக்காவது கத்தத் தேவையில்லை. இவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சரி, கிரீஸ் போகிற துளை வழியாக உள்ளே ஆயில் ஊற்றிப் பார்க்கலாம் என்று புருஷன் பின்னின் தலையில் இருந்த நிப்பிளைக் கழற்றினார். நிப்பிள் என்பது கிரீஸ் ஏற்றுகிற சின்ன மூக்கு. அதைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார். ஒன்றும் விழவில்லை. ஆணியால் குத்தினார். செங்கல் மாதிரி இறுகிப்போன சேறும் காய்ந்த கிரீஸும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிறகு எழுந்தார். அளந்து பேசுகிற வழக்கமெல்லாம் அந்த நேரத்தில் பறந்துவிட்டது.

"போன மழைக்கு முன்னாடியே சொன்னேன்! நிப்பிள் அடைஞ்சிருக்கு, கிரீஸ் உள்ள போகல, மேலயே வழியுது, மாத்தணும்னு சொல்லி அனுப்பினேன். கேட்டாத்தானே! ஒரு சின்ன நிப்பிள். அதைக் கவனிச்சிருந்தா இந்தப் பின்னு விரல்ல உருவுற மாதிரி வந்திருக்கும்!"

அண்ணன் இன்ஜினை அணைத்தார். திடீரென்று தெருவே அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது. அவர் கீழே இறங்கி வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"தங்கச்சி. அவர்கிட்டச் சொல்லு. எனக்கு அப்படி எந்தச் சேதியும் வரலைன்னு. தினம் நான் கிரீஸ் கன்னால அடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். வழியுதுன்னா நிறைஞ்சு வழியுதுன்னு நெனச்சேன். செய்யாததைச் செஞ்சேன்னு சொல்ற ஆளு நானில்லைன்னு சொல்லு."

"சொல்லாததைச் சொன்னேன்னு சொல்ற ஆளும் நானில்லைன்னு சொல்லு!"

இவள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். ஞாபகம் வந்துவிட்டது. பாவி மகளுக்கு நன்றாகவே ஞாபகம் வந்துவிட்டது. புருஷன் அன்றைக்குச் சொன்னது இது: "உங்க அண்ணன் துரைகிட்டச் சொல்லு, பக்கெட் பின்னுல நிப்பிள் அடைஞ்சிருக்குன்னு. வண்டி ஓட்டத் தெரிஞ்சா மட்டும் போதாது, குனிஞ்சு பார்க்கவும் தெரியணும்னு சொல்லு." அதில் துரையை எடுத்தாள். குனிந்து பார்ப்பதை எடுத்தாள். எடுத்த வேகத்தில் நிப்பிளும் கூடவே போய்விட்டது. அண்ணனுக்குப் போனில் போய்ச் சேர்ந்தது, "வண்டியைப் பத்திரமா பார்த்துக்கச் சொன்னார்ணே" என்பது மட்டும்தான்.

ஒரு மழைக்காலம் பூராவும் அந்தப் பின் கிரீஸ் இல்லாமல், சேற்றிலும் தண்ணீரிலும் உரசி உரசி ஆணி அறைந்த மாதிரி இறுகிப்போனதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். மறந்துட்டேன் என்று சொன்னால் போதும். ஆனால் முள்ளை ஆய்ந்து ஆய்ந்து அவளுக்கே கை வலித்துவிட்டது போலிருக்கிறது.

"நான்தான்," என்றாள். "அவர் சொன்னார்ணே. நான்தான் உங்ககிட்டச் சொல்லல. திட்டு இருந்துச்சு, அதை எடுக்கப்போய் விஷயமும் போயிருச்சு." புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும்தான். காலையில அண்ணன் சொன்னதை முழுசாச் சொல்லல. சாயங்காலம் தரகர் வர்றார். வண்டியை வித்துட்டு அண்ணன் குவாரிக்குப் போறாராம். உங்ககிட்டக் கேட்டுச் சொல்லச் சொன்னார்."

"விக்கிறதா?" புருஷன் கையிலிருந்த நிப்பிள் கீழே விழுந்தது. எக்ஸ்சேஞ்சை மறந்து, நேராக அண்ணன் முகத்தைப் பார்த்தே கேட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?"

"கேக்கச் சொல்லித்தானே அனுப்பினேன்!" அண்ணனும் நேராகத்தான் சொன்னார்.

இரண்டு பேரும் ஒன்றாக இவள் பக்கம் திரும்பினார்கள். இத்தனை நாளில் அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அது.

"ஏம்மா, இன்னும் என்னென்ன எடுத்தே?" என்றார் அண்ணன். அப்புறம் புருஷனிடம், "கிளட்ச் விஷயத்துல என்னை என்ன சொன்னே?"

"மடையன்னு சொன்னேன். வந்துச்சா?"

"வரல. 'கொஞ்சம் பார்த்துக்கச் சொன்னார்'னுதான் வந்துச்சு. போல்ட்டு உன்னை மாதிரியே ஆடுதுன்னு நான் சொன்னது?"

"போல்ட்டு மட்டும்தான் வந்துச்சு. நான் வரல."

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டார். இந்த மாதிரி ஒரு கணக்குத் தீர்த்தலை அந்தத் தெரு கண்டதில்லை.

"அப்போ அது?" என்றார் புருஷன். குரல் இறங்கிவிட்டது. வண்டியின் கையில், நடுவில், தடித்த கோடாக ஒரு வெல்டிங் ஓடுகிறது. கை விரிசல் விட்டபோது அவர் போட்டது. அதைத் தொட்டுக் காட்டினார். "இந்த வெல்டிங்கைப் பார்த்து அசந்துட்டேன்னு நீ சொன்னதா சொன்னாளே? இந்த மாதிரி போட எவனும் பிறக்கலைன்னு?"

இவளுக்குத் தலை குனிந்தது. எடுத்தது மட்டுமா, சேர்த்ததும் உண்டே. புருஷன் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு ராத்திரி அவள் தானாகவே உண்டாக்கின வார்த்தை அது. அன்றைக்கு அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

"நான் எப்போ சொன்னேன்?" என்றார் அண்ணன். "லிவரைப் பிடிக்கறதுல எனக்கு ஜோடி இல்லைன்னு நீ சொன்னதாகூடத்தான் சொன்னா."

"நான் சொல்லல."

"தெரியுது."

திட்டெல்லாம் நிஜம், பாராட்டெல்லாம் பொய் என்று ஆனால் மிச்சம் என்ன இருக்கிறது? இவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கெடுத்தேன், நானே கெடுத்தேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். ஆயில் படிந்த மண் புடவையில் ஒட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அண்ணன் வண்டிப் பக்கம் போனார். அந்த வெல்டிங் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து, மேலிருந்து கீழே வரை தேய்த்துப் பார்த்தார்.

"சொல்லலதான்," என்றார். "ஆனா போன மாசம் மேட்டுல பாறை மாட்டிக்கிச்சு. வண்டி ஒரு பக்கமா தூக்கிக்கிட்டு நின்னுச்சு. மொத்தப் பாரமும் இந்தக் கையிலதான். இந்த வெல்டிங் விட்டிருந்தா நான் வண்டியோட உருண்டிருப்பேன். அது விடாதுன்னு எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சுதான் மறுபடியும் லிவரை இழுத்தேன்."

புருஷன் மூக்கை உறிஞ்சினார். கேஸ் புகை என்று வைத்துக்கொள்வோம்.

"இதையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம்ல?"

"இதெல்லாம் சொல்லி அனுப்புற விஷயமாடா?"

"நான் மட்டும்? மயிரிழை தூக்கணும்னா உன்னைத்தானே கூப்பிட்டேன். இந்த ஊர்ல வண்டி ஓட்ட வேற ஆளே இல்லாமலா கூப்பிட்டேன்?"

இவள் தலையைத் தூக்கினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த இடத்தில் பழைய எக்ஸ்சேஞ்சாக இருந்தால் எழுந்து நாலு வார்த்தை சேர்த்திருப்பாள். வாய் துறுதுறுத்தது. கடித்துக்கொண்டாள். எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள்.

"எக்ஸ்சேஞ்சு மூடியாச்சு," என்றாள். "இனிமே உங்க பேச்சு உங்களோட. நான் டீ குடிக்கப் போறேன்."

போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடைப் பெஞ்சில் ஷெட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கடைக்காரர் ஒரு டீயைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

ஷெட்டில் சத்தமே இல்லை. காகம் ஒன்று தகரத்தில் நடக்கிற சத்தம் கேட்டது. சட்டை மடிப்புக் கலையாத ஒருவர் பைக்கில் வந்து இறங்கி, பள்ளம் தோண்டுற வண்டி விற்பனைக்கு இருக்கிற ஷெட் இதுதானா என்று கேட்டார். தரகர். சாயங்காலம் வருகிறேன் என்று சொன்ன மனுஷன் மத்தியானமே வந்து நிற்கிறார்! இவள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க, டீ குடிங்க" என்றாள். வேறு என்ன சொல்ல?

அப்போதுதான் பின்னால் புருஷன் குரல் கேட்டது.

"மச்சான், ஏறு."

கொஞ்ச நேரம் கழித்து இன்ஜின் உறுமியது. இரும்புக் கை முனகியது.

"தூக்கு. தூக்குடா. இன்னும். பூ மாதிரி, பூ மாதிரி. எருமை, பூ மாதிரின்னேன்! நிறுத்து!"

சரக்கென்று நின்றது. சொல்லுக்கும் நிற்பதற்கும் நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை.

சம்மட்டி விழுந்தது. காலையிலிருந்து கேட்ட டங் இல்லை. டொக். மறுபடி டொக். இத்தனை வருஷம் ஷெட்டில் இருந்தவளுக்கு அது புரியாதா? இறுகின இரும்பு மணி மாதிரி அடிக்கும். இளகின இரும்புதான் இப்படி மொத்தையாகப் பேசும். டீ கிளாஸைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். டொக். டொக். பிறகு கனமான ஏதோ ஒன்று மண்ணில் விழுந்து உருண்டது.

"வந்துருச்சுடா மாப்ளே!"

அவள் அழுதாள். அழுகையை மறைக்கவும் இல்லை. தரகர் தன் டீயை எடுத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் கரிபிடித்த அந்தப் பின்னை மாற்றி மாற்றிக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பூராவும் துரு தின்று வரிவரியாக இருந்தது. அண்ணன் தரகரைப் பார்த்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் இவள் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, அவர்கிட்டச் சொல்லிடும்மா, வண்டி கொடுக்கறதா இல்லைன்னு."

"நீங்களே சொல்லுங்கண்ணே," என்றாள். "நான் சொன்னா எதையாவது எடுத்துருவேன்."

அண்ணன் ஒரு நிமிஷம் விழித்தார். அப்புறம் சிரித்துவிட்டார். தானே போய்ச் சொன்னார். தரகர் "அதுக்கென்ன, டீ நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பைக்கைக் கிளப்பினார்.

மிச்ச வேலை மளமளவென்று நடந்தது. இவள் மொபெட்டில் பறந்து புதுப் பின், சீல், நிப்பிள் எல்லாம் வாங்கி வந்தாள். சிலிண்டரைப் பிரித்து, சீல் மாற்றி, வெயில் சாய்வதற்குள் பூட்டிவிட்டார்கள். இடையில் ஒரு தடவை ஸ்பானருக்காகச் சண்டை வந்தது. "காலடியில பாருடா குருடா" என்று அண்ணன் கத்தினார். "வச்சவன் நீதானே" என்று புருஷன் கத்தினார். இவள் ஒரு மூலையில் உட்கார்ந்து சீல் வந்த காகிதப் பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கெட்ட வார்த்தைகள் அவ்வளவு இனிப்பாக அவள் காதில் விழுந்ததே இல்லை.

கடைசியாகப் புது நிப்பிளில் கிரீஸ் ஏற்ற வேண்டும். அண்ணன் கிரீஸ் கன்னை எடுத்து நின்றபடியே அழுத்தப் போனார்.

"மச்சான்," என்றார் புருஷன்.

"என்ன?"

"வண்டி ஓட்டத் தெரிஞ்சா மட்டும் போதாது. குனிஞ்சு பார்க்கவும் தெரியணும்."

இவளுக்குக் கை அப்படியே நின்றது. அதே வார்த்தைகள். மழைக்கு முன்னால் அவள் எடுத்து எறிந்தவை. ஒன்றுகூடக் குறையாமல் இப்போதுதான் போய்ச் சேர்கின்றன. துரை மட்டும்தான் இல்லை.

அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வலித்த முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, பின்னுக்கு மேல் முகத்தை வைத்துப் பார்த்தார். அழுத்தினார். நிப்பிள் பக்கம் ஒரு துளி வழியவில்லை. அந்தப் பக்கத்து விளிம்பில் பழைய துருவைத் தள்ளிக்கொண்டு மஞ்சளாகப் புதுக் கிரீஸ் பிதுங்கி வந்தது.

"உள்ள போகுதுடா மாப்ளே," என்றார்.